மண்டை ஓட்டுக்கு விபூதி

இந்த பஸ்ஸு ஆலங்கழி போகுமுங்களா? போகுமா? அப்பக் கொஞ்சம் நகந்து உக்காருங்க. பை மடியிலயே இருக்கட்டும், ஒண்ணும் கனமில்ல. நீங்க டீச்சருங்களா? இல்லீங்களா? பேங்க்குலயா? பாத்தா டீச்சராட்டத்தான் இருக்கறீங்க. நான் டீச்சர்னே கூப்பிட்டுக்கறேன், வாய்க்கு வசதியா இருக்குது.

நான் திருப்பூருங்க. பேரு துளசிமணி. காலையில கிளம்பி கரூருல ஒரு பஸ்ஸு, தஞ்சாவூருல ஒரு பஸ்ஸு, மன்னார்குடியில இது. எதுக்கு இத்தனை தூரம்னா, ஒருத்தனைத் திட்டறதுக்கு. போன்லயே திட்டலாம். அவங்கிட்ட போன் இல்ல. அதான் நேர்ல போறேன்.

டீச்சர், என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு எத்தனை வயசு இருக்கும்? சும்மா சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். அம்பத்தஞ்சா? அம்பத்தி ஒண்ணுங்க. சரி போகுது, நாலு வருசம் பஸ்ஸுப் புழுதியில ஏறுனதுன்னு வெச்சுக்கலாம். அம்பத்தியொரு வயசுக்காரிய மூதாட்டின்னு சொல்லலாமுங்களா? பேப்பர்ல போட்டுட்டாங்க. போட்டோவோட. 'புயலில் வீட்டை இழந்து தவிக்கும் மூதாட்டி'ன்னு. வீட்டை இழந்ததுகூடப் பரவால்லீங்க. என்ற வீடு கம்பி கட்டித் தளம் போட்ட வீடு. சந்தேகப்படறவன் வந்து பாத்துக்கலாம். மூதாட்டி இல்லீன்னு எதைக் காட்டி நிரூபிக்கறது?

மொதல்ல இருந்து சொல்றனுங்க, அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும்.

நான் பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறவ. ஞாயித்துக்கிழமையானா எங்க மாடி ஷெட்டுல மூணு பேரு சேந்து தைப்போம். நானு, பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம், எங்க கம்பெனியில பவர் டேபிள் மிஷின்ல பனியன் தைக்கற நசீமா. துண்டுத் துணியச் சதுரம் சதுரமா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு சேத்து, உள்ளார பழைய சேலைய மெத்துனு வெச்சு, குறுக்கயும் நெடுக்கயும் தையல் ஓட்டுனா ஒட்டுப் போர்வை. அதுக்கு நான்தான் தலைவி. யாரும் ஓட்டுப் போடலீங்க, ஆனா ஷெட்டு எங்களுது.

புயல் அடிச்ச அன்னைக்கு டிவியில காட்டுனாங்க. ஆலங்கழின்னு ஒரு ஊரு. தென்னை மரமெல்லாம் சீப்புல வாருன தலையாட்டம் ஒரே பக்கமாப் படுத்துக் கெடக்குது. பள்ளிக்கூடத்துல சனங்க வெறும் சிமெண்டுத் தரையில படுத்திருக்குது. ஒரு பொம்பள ஒரு சாக்கை ரெண்டாக் கிழிச்சு ரெண்டு புள்ளைகளுக்குப் போத்தி விடறா. பாத்ததும் எனக்குச் சோறு எறங்கல. அன்னைக்கே சம்பூர்ணத்தக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன், இவங்களுக்குப் போர்வை தைக்கறோம்னு. தைக்கலாமான்னு கேக்கல. தைக்கறோம்னு சொன்னேன். கேட்டுட்டு உக்காந்திருந்தா வேலை ஆகாதுங்க.

துணிக்கு எங்க மேனேஜர்கிட்டப் போயி நின்னேன். அவரு நல்ல மனுசன். குடோன்ல ஒரு லாட்டு ரிஜெக்ட் ஆகிக் கெடக்குது, அத்தனையும் எடுத்துட்டுப் போங்கன்னுட்டாரு. கனத்த துணி, டீச்சர். தொட்டா விட மனசு வராது. சாயம் போகாது. ஒரே ஒரு சின்ன விசயம், அதுல மண்டை ஓடு படம் போட்டிருந்துச்சு.

சிரிக்காதீங்க. வெளிநாட்டுல ஏதோ பேய்ப் பண்டிகையாம். அதுக்குன்னே அடிச்ச பனியனுங்க. பாதியில மண்டை ஓடு, பாதியில பல்லைக் காட்டற பூசணிக்கா.

சம்பூர்ணம் பாத்ததும் ரெண்டடி பின்னால போயிட்டா. "அக்கா, புயல்ல அடிபட்ட சனத்துக்கு இதையா குடுக்கறது? வேண்டாங்க்கா. பூப்போட்ட துணியாப் பாக்கலாம்"கறா. பூப்போட்ட துணி குளுரு தாங்குமா? நான் வற்புறுத்தலீங்க டீச்சர், யாரையும் வற்புறுத்தற பழக்கமே எனக்கு இல்ல. "இஷ்டமிருந்தாத் தை, இல்லாட்டி மிஷினை விட்டு எந்திரி"ன்னேன். அவளாத்தான் தச்சா.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் இருந்துச்சுங்க. ராத்திரி பகலா யோசிச்சுக் கண்டுபுடிச்சேன். வெள்ளை நூல்ல மண்டை ஓட்டு நெத்தியில மூணு கோடு. நடுவுல செவப்பு நூல்ல ஒரு பொட்டு. விபூதி குங்குமம் வெச்சா யாரா இருந்தாலும் ஒரு களை வந்துருமுல்லீங்க? சித்தராட்டம் இருக்கும்னு நெனச்சேன். இருந்துச்சு.

சம்பூர்ணம் கண்ணாடியப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தா. "இத்தனை நேரம் வெளிநாட்டு மண்டை ஓடா இருந்துச்சு. இப்ப நம்மூரு மண்டை ஓடு ஆயிருச்சுங்க்கா"ன்னா. பாராட்டுனாளா, குத்திக் காட்டுனாளான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நசீமா மட்டும், "பூசணிக்காயாவது அப்படியே இருக்கட்டும்க்கா, அதுக்கு ஒண்ணும் வெக்காதீங்க"ன்னா. சரின்னு விட்டுட்டேன். நான் யார் சொன்னாலும் கேட்டுக்கறவ.

பன்னெண்டு நாளு. கம்பெனி விட்டு வந்து தச்சு, ஞாயித்துக்கிழமை பூராத் தச்சு, நாப்பத்தியொரு போர்வை. என்ற வீட்டுக்காரருக்கு ரசஞ்சோறுதான். அந்த மனுசன் ஒரு வார்த்தை பேசல. பேசறதுக்கும் நான் வீட்டுக்குள்ள இருக்கலீங்க.

ஒரு வேன் புடிச்சு மூணு பேரும் கிளம்புனோம். ஆலங்கழிக்கு ஒரு மைலு இருக்கையில ரோட்டோரம் ஒரே சேறு. டிரைவரு, "இதுக்கு மேல போனா வண்டி மாட்டிக்கும்ங்க, இங்கயே எறக்கி நடந்து போயிரலாம்"னாரு. நான்தான், "டிவியில படகையே தூக்கி ரோட்டுல போட்டதக் காட்டுனாங்க, இந்த வேன் போகாதா?"ன்னேன். இப்ப யோசிச்சா ரெண்டுக்கும் சம்பந்தமில்லதான். ஆனா அந்த நேரத்துல சரியாத்தான் இருந்துச்சு.

நாலடி போனோம். வேன் அப்படியே பக்கவாட்டுல சாஞ்சு வாய்க்காலுக்குள்ள உக்காந்துருச்சு. பெருசா ஒண்ணும் அடியில்ல. சம்பூர்ணம் என்ற மேல, நான் நசீமா மேல. கதவைத் தொறந்து எறங்குனா இடுப்பளவு சேத்துத் தண்ணி. என்ற செருப்பு போச்சு. கைப்பை போச்சு. கைப்பைக்குள்ள போனும் மூக்குக் கண்ணாடியும் போச்சு. மேல மழை வேற புடிச்சுக்கிச்சு.

அப்பத்தான் சத்தம் கேட்டு ஊர்ச் சனம் ஓடியாந்துச்சு. நாங்க உதவி செய்யப் போனமே, அதே சனம். புயல்ல விழுந்த தென்னை மரத்த உருட்டிட்டு வந்து சக்கரத்துக்கு முட்டுக் குடுத்து, இருவது பேரு கயித்தக் கட்டி இழுத்தாங்க. ஒரு பொம்பள வாய்க்காலுக்குள்ள எறங்கி என்ற கக்கத்துல கையக் குடுத்து அப்படியே தூக்கிட்டா.

"யக்கா, பயப்படாதிங்க, என் தோளப் புடிச்சிக்கங்க. எந்த ஊருலேர்ந்து வாறிங்க? அங்கயும் புயலா?"ன்னு கேக்கறா.

"இல்லீங்க, நாங்க உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கறோம்"னேன்.

"சரி சரி, செய்யலாம். மொதல்ல கரையேறுங்க"ன்னா.

அவ பேரு தையல்நாயகி. பேரக் கேட்டதும் எனக்கு ஒரே சந்தோசம், "நீங்களும் தைப்பீங்களா?"ன்னு கேட்டேன். "அது எங்க ஊரு அம்மன் பேருக்கா. எனக்கு ஊசியில நூலு கோக்கக்கூடத் தெரியாது"ன்னுட்டா. பதினேழு ஆடு வெச்சிருந்தாளாம். ஒண்ணு மிஞ்சல. வீட்டுல ஒரு சொவரு நிக்குதாம், "அதுல மாட்டியிருந்த காலண்டரு மட்டும் நனையல, பாருங்க வேடிக்கைய"ன்னா. அப்படிச் சொல்றவ சிரிக்கல.

பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க சனங்களுக்கு வந்திருந்த நிவாரணச் சேலையில எங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. நான் வேண்டாம்னேன். ஆனா பல்லு தந்தியடிக்குது, வேண்டாம்னு சொன்னது அவங்களுக்கு வெளங்கல போல இருக்குது. கட்டிக்கிட்டேன். கஞ்சி குடுத்தாங்க. ரெண்டு டம்ளரு குடிச்சேன், கருவாட்டுத் தொக்கோட. மூணாவது அவங்களா ஊத்துனாங்க.

அப்பறம் வேன்ல இருந்து மூட்டையத் தூக்கிட்டு வந்து பிரிச்சாங்க. மேலாப்புல பூசணிக்காப் போர்வைங்க. ஒரு பெரியவரு எடுத்துப் பாத்தாரு, "அட, திருஷ்டிப் பூசணி!"ன்னாரு. அவ்வளவுதான் டீச்சர், எனக்கு உனக்குன்னு போட்டி. புது வீடு கட்டும்போது வாசல்ல மாட்டறோம்னு நாலு பேரு இப்பவே சொல்லி வெச்சாங்க. போர்வைய வாசல்ல மாட்டுனா எதைப் போத்துவீங்கன்னு கேட்டேன். காதுல வாங்கல.

அடுத்த மூட்டை மண்டை ஓடு. பிரிச்சாங்க. நீட்டுன கையெல்லாம் பின்னால போயிருச்சு.

சம்பூர்ணம் என்னைப் பாக்கறா. நசீமா கூரையப் பாக்கறா. கூரையில பாக்க ஒண்ணுமில்ல, பாதிக் கூரை இல்ல.

நான் எந்திரிச்சு நின்னு, "எல்லாம் விபூதி வெச்சிருக்குதுங்க, பயப்பட வேண்டாம்"னு சொன்னேன்.

தையல்நாயகி ஒண்ணக் கையில எடுத்தா. நெத்திக் கோட்டத் தடவிப் பாத்தா. "எமன்தான் நேர்லயே வந்து எல்லாத்தயும் பாத்துட்டுப் போயிட்டானே. இவன் என்னாடான்னா விபூதி பூசிக்கிட்டு நல்ல புள்ளயாட்டமா வந்து நிக்கிறான்"ன்னா. சொல்லிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க. வயித்தப் புடிச்சுக்கிட்டு, கீழ உக்காந்து, கண்ணுல தண்ணி வர, மூச்சு வாங்கற வரைக்கும். அப்பறம் அது சிரிப்பா அழுகையான்னே தெரியல. எனக்குக் கோவம்னா கோவம். பன்னெண்டு நாளு தச்சது, ஒருத்தி உருண்டு உருண்டு சிரிக்கறா. "என்னங்க இது?"ன்னு கேக்கலாம்னு பாத்தா, பக்கத்துல இருந்த பெரியவரு என்ற கையப் புடிச்சு, "உடுங்கம்மா, சிரிக்கட்டும். பதினஞ்சு நாளா அது மொகம் மரமாட்டம் இருந்திச்சி. நல்லா இருப்பிங்க"ன்னு கும்புடறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நான் போர்வை குடுக்கத்தானே போனேன், நாடகம் போடவா போனேன்? ஆனா மண்டை ஓடு அத்தனையும் போயிருச்சுங்க. தையல்நாயகியே எல்லாருக்கும் எடுத்துப் போத்தி விட்டா. விபூதி வேலை செஞ்சுதுன்னு சம்பூர்ணத்துகிட்ட அப்பவே சொல்லிட்டேன்.

மூட்டை அடியில ஒண்ணு மடங்கிக் கெடந்துச்சு. நான் நடுங்கறதப் பாத்து தையல்நாயகியே அத என்ற மேல போத்தி, இன்னொரு டம்ளரு கஞ்சியக் கையில குடுத்தா. அந்த நேரத்துலயா அந்தப் பேப்பர்காரத் தம்பி வரணும்?

"வீடு என்னாச்சும்மா?"ன்னு கேட்டாரு. "வீடு எங்கயோ இருக்குதுங்க, எப்பப் போயிச் சேருவனோ தெரியல"ன்னேன். உண்மைதானுங்களே? முந்நூறு கிலோமீட்டருங்க. "என்னெல்லாம் போச்சு?"ன்னாரு. "எல்லாம் சேத்தோட போச்சு தம்பி, கால்ல போட்ட செருப்புக்கூட மிஞ்சல"ன்னேன். செருப்ப நெனச்சதும் கண்ணு கலங்கிருச்சு, புதுச் செருப்பு. அவரு பாவம், உச்சுக் கொட்டி ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரு மனுசன் கேள்வி கேட்டா ஒழுங்காக் கேக்க வேண்டாமா? நான் ஒழுங்காத்தானே பதில் சொன்னேன்?

திருப்பூர் திரும்புன மூணாம் நாளு பேப்பர்ல வந்துருச்சு. தலைவிரி கோலம், நிவாரணச் சேலை, தோள்ல விபூதி வெச்ச மண்டை ஓடு, கையில கஞ்சி. எங்க சம்பந்தியம்மா அரிசி மூட்டையோட ஆட்டோவுல வந்து எறங்கி, எங்க வீட்ட மேலயும் கீழயும் பாத்துட்டு, "அப்ப அங்க ஒரு வீடு வெச்சிருந்தீங்களா? சொல்லவேயில்ல?"ன்னு கேக்கறாங்க. கம்பெனியில ஒரு புள்ள என்னையப் பாத்ததும் எந்திரிச்சு சீட்டுக் குடுக்கறா. சம்பூர்ணம் மட்டும் அந்தப் பேப்பர வெட்டி ஷெட்டுல ஒட்டி வெச்சிருக்கறா. "நம்ம போர்வைக்கு வெளம்பரமுங்க்கா"ங்கறா.

இதெல்லாங்கூடப் பொறுத்துக்குவேன். எனக்கு ஒரு தம்பி இருக்கறான் டீச்சர், நாச்சிமுத்துன்னு. தாராபுரத்துல மோட்டாருக்குக் காயில் கட்டறவன். எட்டு வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல.

ஏன்னு கேளுங்க. அவன் புள்ளைக்குக் காது குத்து. அவனுக்கு நானே என்ற கையால பேண்ட்டு தச்சுக் குடுத்தேன். அதப் போட்டுட்டு அத்தனை சனத்து முன்னாலயும் நடந்து காட்டி, "எங்க அக்கா தச்சது, ஒரு காலு நெட்டை, ஒரு காலு குட்டை"ன்னு சொல்லிச் சிரிக்கறான். பேண்ட்டு சரியாத்தான் இருந்துச்சு. அவன் காலுதான் ஒண்ணு கட்டை. நான் அத எல்லார் முன்னாலயும் சொன்னேன். சொன்னதோட டேப்பு வெச்சு அளந்தும் காட்டுனேன். அதுல அவனுக்கு ரோசம். என்ற மேல என்னங்க தப்பு? அளவு சொல்லக் கூடாதா?

அந்தப் பய பேப்பரப் பாத்திருக்கறான். அக்கா எப்ப ஆலங்கழி போச்சு, ஏன் போச்சு, வீட்டுக்காரரு தொரத்தி விட்டுட்டாரா, ஒண்ணும் கேக்கல. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமுல்ல? எட்டு வருசமாப் பேசாதவ நம்பரு எப்படி இருக்கும்ங்கறீங்களா? அதுஞ்சரிதான். நம்பரு இருந்திருந்தாலும் என்ற போனு வாய்க்காலுக்குள்ளதான் கெடந்துச்சு. பொண்டாட்டிகிட்ட, "அக்கா தெருவுல நிக்குதுடி"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு, கடையச் சாத்திட்டு பஸ் ஏறிட்டான்.

போனவன் நாலு நாளாப் போன் எடுக்கல. அவம் பொண்டாட்டி எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, "நங்கையா, நீங்க இங்கயா இருக்கறீங்க? உங்களத் தேடிப் போனவரு எங்கீங்க?"ன்னு கேட்டா. அந்தக் கரையெல்லாம் ஒரே வாய்க்காலு, டீச்சர். இடுப்பளவு சேறு. நான் பாத்திருக்கறனே. அவனுக்கு நீச்சல் தெரியாது. சின்னதுல கெணத்துக்கு எல்லாரும் போகையில, நான்தான் அவன் அரைஞாக் கயித்தப் புடிச்சுட்டுப் படியிலயே உக்காந்திருப்பேன். அந்த ரெண்டு நாளு எனக்கு எப்படிப் போச்சுன்னு சொல்லத் தெரியல. ஷெட்டுல மிஷின் முன்னால உக்காந்தேன். தச்சேன், பிரிச்சேன். சம்பூர்ணம் வந்தா, அவளும் ஒரு துணிய எடுத்துத் தச்சா, பிரிச்சா.

நேத்து மத்தியானம் சம்பூர்ணம் போனுக்கு ஒரு போன் வந்துச்சு, அங்கிருந்து கிளம்பறப்ப அவதான் நம்பர எழுதிக் குடுத்திருந்தா. தையல்நாயகி. "யக்கா, ஒங்க தம்பி இஞ்சதான் இருக்கு. போனு வாய்க்கால்ல விழுந்துடிச்சாம். நீங்க நல்லா வந்து சேந்திங்களான்னு கேக்கச் சொல்லிச்சி"ங்கறா.

எனக்கு உசிரு வந்துச்சு. வந்ததும் கோவம் வந்துச்சு. "அங்க என்ன பண்றான்?"னு கேட்டேன்.

மோட்டார் பாக்கறானாம். உப்புத் தண்ணி ஏறி ஊர்ல ஒரு மோட்டாரும் ஓடலையாம், குடிக்க நல்ல தண்ணி இல்லையாம். இவன் என்னையத் தேடிட்டுப் போனவன், ஒரு மோட்டாரக் கழட்டிப் பாத்திருக்கறான். அது ஓடிருச்சு. அப்பறம் அடுத்த வீட்டுக்காரன் கூப்பிட்டிருக்கறான். பதினொண்ணு முடிச்சுட்டானாம். "சாப்புடக் கூப்புட்டாலும் தண்ணித் தொட்டி ஏணிய விட்டு எறங்க மாட்டேங்குதுக்கா. ஒங்களயேதான் கேட்டுக்கிட்டு இருக்கு"ன்னா. எட்டு வருசமாக் கேக்காதவன் இப்பக் கேக்கறானாம்.

அதான் திட்டறதுக்குப் போறேன். நல்லாத் திட்டணும். சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு, பொண்டாட்டிய அழுக வெச்சதுக்கு, என்னையத் தெருவுல நிக்கறவளா நெனச்சதுக்கு. கரூர்ல இருந்து மனசுக்குள்ள வரிசையா வெச்சுட்டு வந்திருக்கறேன். பைக்குள்ளாரயா? அது ஒண்ணுமில்லீங்க. ரெண்டு சட்டை, ஒரு வேட்டி, இனிப்புக்குக் கொஞ்சம் ஒப்புட்டு. மாத்துத் துணியில்லாம ஓடியிருக்கறான் மடையன்.

இது என்ன ஊருங்க? ஆலங்கழியே வந்துருச்சா? போன தடவ கூரை மேல கெடந்த பச்சைத் தார்ப்பாயெல்லாம் மாறித் தகரம் ஏறியிருக்குது. கொஞ்சம் தலையச் சாயுங்க டீச்சர். அந்தத் தண்ணித் தொட்டி பக்கத்துல, ஏணி மேல ஒருத்தரு நிக்கறாரு பாருங்க, பனியனோட, எங்க அப்பனாட்டவே. எங்க அப்பன் செத்து இருவது வருசமாச்சுங்க.

நாச்சிமுத்துங்க அது.

தலையெல்லாம் வெளுத்துப் போச்சே. எப்ப வெளுத்துச்சு? யாருமே எனக்குச் சொல்லலையே.

கண்டக்டரே, நிறுத்துங்க. ஸ்டாப்பு இன்னும் அந்தப் பக்கமா? இருந்தா இருக்கட்டும், நிறுத்துங்க. வழி விடுங்க டீச்சர், பஸ்ஸப் பாத்துட்டான், கண்ணு மண்ணு தெரியாம எறங்கறான், விழுந்து தொலையப் போறான். டேய்! ஒவ்வொரு படியா எறங்குடா! நான் எங்கயும் போகல, மெதுவா எறங்கு!